மூன்று விரலும் நான் கொண்டுவராத நெல்லும்

கம்பெனிக்காரர்களுக்கு டிவி முன்னால் பேசச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன் தஞ்சாவூர் கேபிள் சேனல் ஒன்றில் செய்தி வாசித்தேன். பொறுமையை மட்டும் எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு புழுங்கலரிசி மில் முதலாளி பதறிக்கொண்டு கூப்பிட்டார். நெல் ஊறவைத்த தண்ணீர் அவர் மில்லிலிருந்து பாசன வாய்க்காலில் ஓடி, நாற்றம் ஊரைத் தூக்கியிருக்கிறது. வாய்க்கால் ஓரம் வயல் வைத்திருக்கும் ஓர் அம்மாள் அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். இந்த அறுவடைக்கு ஒரு மணி நெல்கூட அந்த மில்லுக்குப் போகாது என்று ஊரே சொல்லிவிட்டது. அறுவடைக்கு மூன்று வாரம்தான். நெல் வராவிட்டால் மில்லை மூடவேண்டியதுதான். மறுநாள் காலை சேனல்காரர்கள் பேட்டிக்கு வருகிறார்கள்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் நான் நிருபராக நடித்தேன். மைக்குக்குப் பதில் டார்ச் லைட்டை நீட்டினேன். "தண்ணியை வாய்க்கால்ல விட்டீங்களா?"

"வாங்க, உக்காருங்க. காபி குடிச்சிட்டுப் பேசலாமே."

"ஐயோ சார், நான் நிருபருங்க!"

"இருந்தா என்னங்க, வீடு தேடி வந்திருக்கீங்களே."

தலையில் அடித்துக்கொண்டேன். எட்டுத் தடவை ஒத்திகை, எட்டுத் தடவையும் காபி. எல்லாவற்றையும் நான்தான் குடித்தேன். கடைசியில் மூன்றே வாக்கியமாகச் சுருக்கினேன். ஆய்வு நடக்கிறது. விவசாயிகள் நலனே முக்கியம். முடிவு வந்ததும் தெரிவிப்போம். கேமராவுக்குப் பின்னால் நின்று நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டுவேன், அவர் ஒப்பிக்கவேண்டும்.

"வேற வாயைத் தொறக்காதீங்க. பொய் மட்டும் சொல்லவே கூடாது. மாட்டினா மானம் போயிடும்," என்றேன்.

காலையில் நிருபருடன் அந்த வீடியோ அம்மாளும் ஊர்க்காரர்கள் சிலரும் வந்து நின்றார்கள். முதலாளி ஒரு விரலுக்கு ஒரு வாக்கியமாகப் பிசகாமல் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாள் குறுக்கிட்டார். "ஏன் தம்பி, எப்பவும் 'வாங்கக்கா'ன்னு சொல்லுவ. இன்னிக்கு என்ன கலெக்டர் ஆபீஸ் நோட்டீசாட்டம் பேசுற?"

முதலாளி தவித்துப்போய் என்னைப் பார்த்தார். அம்மாள் திரும்பிப் பார்த்தார். கேமராவும் திரும்பியது. என் மூன்று விரலும் அந்தரத்தில் நின்றன.

"நீங்க யாரும்மா?" என்றார் நிருபர்.

பொய் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் வாயைத் திறந்தேன். "நெல்லு கொண்டாந்தேங்க."

"எத்தனை மூட்டை?" என்றார் அம்மாள்.

கையிலிருந்ததையே சொன்னேன். "மூணு."

"மூணு மூட்டை நெல்லுக்குப் பட்டுப்புடவையா? நல்லா இருக்கே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெட்கத்தில் அந்த வாய்க்காலிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது. கேமரா என் முகத்தை விட்டு நகரவில்லை.

முதலாளி விறுவிறுவென்று நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அக்கா, அவங்களை விட்டுடுங்க. என் வீட்டுக்கு வந்தவங்க. பேசச் சொல்லிக்குடுங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். ஊறவச்ச தண்ணியை வெளியேத்துற மோட்டாரு ரெண்டு நாளா ரிப்பேரு, தொட்டி ரொம்பிடுச்சு. வாய்க்கால்ல தொறந்துவிட்டது நான்தான். தப்புதாங்க்கா."

போச்சு, மில்லை மூடிவிட்டோம் என்று நினைத்தேன். என் விரல்கள் தானாக மடங்கின.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்றதுக்கு டவுன்லேருந்து ஆளு வேணுமாக்கும்? முதல்ல மோட்டாரைச் சரி பண்ணு." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காபி வந்தது, எனக்கும் சேர்த்து.

மூன்று வாரம் கழித்து முதலாளி போன் செய்தார். பின்னால் ஒரே டிராக்டர் சத்தம்.

"அக்காவோட நெல்லு நேத்தே வந்துடுச்சுங்க மேடம். இன்னிக்கு ஊரு வண்டியெல்லாம் வரிசையில நிக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கற்றுக்கொடுத்த ஒரு வாக்கியமும் அதற்கு உதவவில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

"அக்கா பக்கத்துலதான் நிக்கிறாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாங்க," என்றார்.

"சொல்லுங்க."

"உங்க மூணு மூட்டை எப்ப வருதுன்னு."