சுண்ணாம்புப் பொட்டு வைத்த கால்கள்

மணிவேலுக்கு உட்கார்ந்து டீ குடிக்கத் தெரியாது. கிளாஸைக் கையில் பிடித்தபடியே கடைப் பந்தலின் காலை ஒரு உதை உதைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு மழைதான் தாங்கும்" என்பார். கடைக்காரருக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

விக்கிரமங்கலம் பக்கம் கொடிப்பந்தலுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் தைலமரக் கால் நடுவது அவர் தொழில். மரத்தைக் காயவைத்து, அடியைக் கொதிக்கும் தாரில் முக்கி எடுப்பார். பத்து வருசத்துக்குக் கறையான் அண்டாது என்று அடித்துச் சொல்வார். "தார் தோல்லதாங்க நிக்கும், உள்ள போவாது. முக்குன அடிய அறுத்தா எல்லாம் வீண்" என்று ஊருக்கே பாடம் எடுப்பார்.

அந்த மனுசன்தான் ஐந்து வருசத்துக்கு முன் சசிகலாவின் பாகல் பந்தலில் அடியை அறுத்தார். குழி ஒன்றரை அடி இறங்கியதுமே சுண்ணாம்புப் பாறை, கடப்பாரை எகிறியது. காலைக் குட்டையாக்க வேண்டும், ஆனால் மேலே கம்பி தாங்கும் கவையில் கைவைக்க முடியாது. சில கால்களின் அடியில் முக்கால் அடி அறுத்துத் தள்ளி, மறுபடி தார் காய்ச்சச் சோம்பல்பட்டு, அப்படியே நட்டுவிட்டார். சசிகலா மோட்டார் கொட்டகைப் பக்கம் போயிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

போன வாரம் கீழப்பழுவூரில், அதேபோல் அடி அறுத்து அவர் நட்ட கொட்டகைக் கால் ஒன்று சாய்ந்தது. பிடுங்கினால் வெளியே தார் பளபளவென்று இருக்கிறது, உள்ளே முழுக்கக் கறையான் மண். அன்றிலிருந்து மணிவேலுக்குத் தூக்கமில்லை. ஆடிக்காற்று வேறு பேயாய் அடித்தது. கணவன் போனபின் சசிகலா அந்தப் பாகலை நம்பித்தான் மகள் நந்தினியைப் பெரம்பலூரில் நர்சிங் படிக்க வைக்கிறாள். காய் கனத்துத் தொங்கும் நேரம். பந்தல் படுத்தால் எல்லாம் போச்சு. எந்தெந்தக் கால் என்பதும் அவருக்கு மறந்துவிட்டது.

இன்று காலை வண்டியை எடுத்தார். பாதி வழியில் திரும்பினார். வெட்கமாகி மறுபடியும் கிளம்பினார். பந்தலுக்குள் நுழைந்து ஒவ்வொரு காலாக ஆட்டிக்கொண்டிருந்தபோது, கூடையோடு வந்த சசிகலா கேட்டாள்: "என்னண்ணே தேடுறீங்க?"

மணிவேல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"சுண்ணாம்புப் பொட்டு வெச்ச காலையெல்லாம் பாருங்க. பதினொண்ணு இருக்கும்" என்றாள்.

அந்தப் பொட்டுகளை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். திருஷ்டிக்கு வைத்தது என்று சிரித்ததும் உண்டு.

"நீங்க அறுத்தத மோட்டார் கொட்டகையிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல் வூட்டுக்கு வெள்ளையடிக்கிறப்ப, அழியாம இதுக்கும் வெச்சுக்கிட்டு வரேன்."

"அன்னிக்கே கேக்குறதுக்கென்னம்மா?"

"கேட்டா பாறைன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க. நீங்களா வந்தாதான் மாத்தித் தருவீங்கன்னு இருந்தேன். அஞ்சு வருசமா காத்தடிச்சா எந்திரிச்சு வந்து நின்னு பாக்குறேண்ணே."

ஒரு வாரம் தூங்காததைச் சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்லாமல் கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார்.