காஸ் குறைந்துவிட்டது என்று சொன்னேன்

என் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இப்போது இதை ஒரே வரியில் எழுதிவிட்டேன். எனக்கு நானே இதைச் சொல்லிக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் பழியை ஒரு துப்பாக்கியின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். காஸில் இயங்கும் ஏர் பிஸ்டல், லைசென்ஸ் தேவைப்படாத வகை. செகந்திராபாத்தில் ஒரு கடையில் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். கைப்பிடிக்குள் கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புக் குப்பி உட்காரும். அடியில் உள்ள திருகை முறுக்கினால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். குப்பி துளைபட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு நாற்பது, ஐம்பது முறை சுடலாம். குண்டு பாசிப்பயறு அளவுள்ள ஈயத் துணுக்கு. கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டு ஒரு கோப்பை வாங்கியவன் நான். வயது ஐம்பதை நெருங்கும்போது அந்தக் கோப்பை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. வாங்கியதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

லோத்குண்டாவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், படிக்கட்டுக் கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டிச் சுவர் வரை சரியாகப் பத்து மீட்டர். சுவரோரம் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பழைய நாளிதழ்களை இறுக அடுக்கி, முன்னால் வட்டம் போட்ட தாளை ஒட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி படிக்கட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வாள். வாங்கிய புதிதில் ஐந்து குண்டும் ஒரு சோடா மூடி அளவு வட்டத்துக்குள் விழுந்தன. நான் அந்தத் தாள்களைத் தேதி போட்டு ஃபைலில் வைத்தேன். அது என் தொழில் புத்தி.

ஜீடிமெட்லாவில் ஊசி மருந்து செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், தராசுகள் என் பொறுப்பு. தராசு என்றால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசு; மூச்சுக்காற்று பட்டாலே எண் மாறும். தினமும் காலையில் அதன்மேல் எடைக்கல்லை வைத்துச் சரிபார்ப்பேன். ஒரு பரிசோதனையின் முடிவு தப்பாக வந்தால் எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் செய்தவரின் கையை விசாரிக்க வேண்டும். கருவியைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான். இருபது வருடமாக அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பிரிவில் ஒரு பெண்ணுக்கு முடிவுகள் தொடர்ந்து தப்பாக வந்தன. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள், என்னோடு தமிழில் பேசுபவள். தராசை ஒரு தடவை பாருங்கள் சார் என்று கேட்டாள். பார்த்தேன், சரியாக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'கைப்பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளை இரண்டு வாரம் மேஜையிலிருந்து எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என் கையை எனக்குத் தெரியும் சார் என்று அவள் சொன்னதற்கு, எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று பதில் சொன்னேன். நான் எழுதியது உண்மைதான். சொன்ன விதம் உண்மையைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

போன மே மாதத்தில் குண்டுகள் சிதற ஆரம்பித்தன. சோடா மூடி உள்ளங்கை அளவாயிற்று. வெயிலில் காஸ் அழுத்தம் ஏறிவிட்டது என்றேன். அது பொய்யில்லை, சூட்டில் ஏறும், குளிரில் இறங்கும். ஆனால் அப்படிப்பட்ட குண்டு மேலேயோ கீழேயோ போகும், நாலா பக்கமும் போகாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கைப்பிடியை மாற்றினேன். கார்பெண்டரிடம் என் உள்ளங்கைக்கு அளவெடுத்துத் தேக்கில் செதுக்கி வாங்கினேன். பிறகு விசை கனமாக இருக்கிறது என்று அதைப் பிரித்து, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி, உரசும் இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். பிறகு குழல் ஆடாமலிருக்க அடியில் ஓர் எடைக்கட்டி. காஸ் கசிகிறதோ என்று ரப்பர் வளையத்தையும் மாற்றி, ஒவ்வொரு குப்பியின் கழுத்திலும் ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வாங்கியது சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி. அதில் பார்த்தால் குறி விழும் இடத்தில் ஒரு புள்ளி நிற்க வேண்டும். நிற்கவில்லை. தட்டில் விழுந்த கடுகு போல ஓடிக்கொண்டே இருந்தது. கடையில் கொடுத்து வேறு வாங்கினேன். அதிலும் ஓடியது.

அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. அப்பாவின் நினைவு வந்தது. அறுபது வயதில் அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் நான் சிட்டிகை மருந்துத் தூளை நிறுக்கும்போது கரண்டி நுனியிலிருந்து தூள் சிந்துவதையும் அதுவரை காற்று என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த அளவை வைத்துத்தான் ஊசி மருந்தின் வீரியத்தைக் கணக்கிடுவார்கள். அந்த ஊசி யாரோ ஒருவர் உடம்பில் ஏறும். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். வேலையில் இருந்துகொண்டே யாருக்காவது கேடு செய்துவிடுவேன் என்ற பயம் மறுபக்கம். முதல் பயம்தான் பெரிதாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஐந்து குண்டில் இரண்டு தாளிலேயே படவில்லை. குளிரில் காஸ் குறைந்துவிட்டது என்று சொன்னேன்.

மனைவியின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருப்பது. அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மே மாசம் வெயில்னீங்க, இப்ப குளிர்ங்கறீங்க. இந்த பிஸ்டலுக்கு ஒடம்பு எப்பதான் நல்லா இருக்கும்?" என்றாள். பிறகு கொஞ்சம் நிதானித்து, "வைஸ்ல போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

அவள் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் விட்டுப்போன வைஸ், பொருளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி, படிக்கட்டுக் கதவருகே இரும்பு மேஜையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. எட்டு மாதமாக அதன்மேல் குண்டு டப்பாவை வைத்து எடுத்துக்கொண்டிருந்தவன் நான். துப்பாக்கியைச் சோதிக்க வேண்டுமானால் கையை விலக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன்.

"நக்கோ, வேணாம். இன்னிக்கே பாத்துடலாம்."

சைக்கிள் ட்யூபைச் சுற்றி பிஸ்டலை வைஸில் இறுக்கினேன். புதுக் குப்பி, புதுத் தாள். விசையை அவளையே இழுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில், சுடும்போது குளிர்ந்துவிடும் காஸ் பழைய சூட்டுக்கு வர ஒரு நிமிடம் காத்திருந்தோம். ஐந்து முறை. நான் நடந்து போய்த் தாளைப் பார்த்தேன். ஒரே ஓர் ஓட்டை, கொண்டைக்கடலை அளவு. வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே மிக நல்ல தாள் அதுதான். கையில் எடுத்ததும் அது படபடவென்று அடித்துக்கொண்டது. மாடியில் காற்றே இல்லை.

அவள் வந்து தாளை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தீபாவளியிலேருந்து உங்களுக்குக் காபியை முக்கால் டம்ளர்தான் ஊத்திக் குடுக்கறேன். நீங்க ஒரு நாளும் கேக்கல."

அழுதேன். அவள் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு டாக்டரிடம் போகலாம், ஆனால் அதற்கு முன் ஆபீஸில் சொல்லிவிடுங்கள் என்றாள்.

திங்கட்கிழமை காலை மேலாளரிடம் சொன்னேன். நான் கையால் நிறுத்தவற்றையெல்லாம் மறுபடி நிறுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் எழுத வேண்டிய சொல் எனக்குப் புதிதில்லை. எழுத்து மட்டும் கோணலாக வந்தது. என் மேஜையை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர் கேட்டார். முன்பு நான் பயிற்சிக்கு அனுப்ப வைத்த அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன்.

அவள் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். நான் எழுதியதை நின்றபடியே படித்தாள். முகத்தில் ஏளனம் இருக்கும் என்று தயாராகத்தான் இருந்தேன். அது இல்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"சார், தராசை ஒரு தடவ பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேம்மா," என்றேன். "அது சரியா இருக்கு."