பூண்டு மணக்கும் புத்தகம்

மகள் முதல் முறையாக வீட்டை விட்டு மதுரை விடுதிக்குப் போகிறாள். போகிற பயமோ என்னவோ, ஒரு வாரமாக அவள் சரியாகப் பேசவில்லை. பெட்டி அடுக்கும்போது என் பழைய நாவலைத் திறந்தேன். புகையும் மலைப்பூண்டும் கலந்த வாசம் இன்னும் போகவில்லை.

கிளாவரை மலைக்கிராமத்தில் நான் சிறுமியாக இருந்தபோது ஓர் அடைமழையில் அந்த நாவல் தொப்பலாக நனைந்துவிட்டது. அப்பா அதை அடுப்புக்கு மேலே, விதைப்பூண்டுக் கட்டுகள் தொங்கும் கயிற்றில் கவிழ்த்துப் போட்டார்.

"எப்பப்பா எடுக்கலாம்?"

"வெரசா எடுத்தா பூஞ்சை புடிச்சிரும் தாயி. பூண்டு எறங்குறப்ப அதுவும் எறங்கும்."

விதைப்பூண்டு இறங்க அடுத்த நடவு வர வேண்டும். முக்காலியில் ஏறி அண்ணாந்தால், விரிந்து தொங்கிய இரண்டு பக்கங்கள் மட்டும் தெரியும். புயலில் ஒரு சிறுமி தனியாகப் படகு வலிக்கிற இடம். கண் எரிய எரிய தினமும் அதையே படித்தேன்.

சோறு வடித்தபடி அம்மா கேட்பாள், "அந்தப் புள்ள இன்னுமா கரையேறல?"

"ஏறிருவாம்மா. நான்தான் முன்னாடியே முழுசாப் படிச்சிட்டேனே."

சொல்லும்போதெல்லாம் மழைக்கும் இடிக்கும் பயம் விட்டுப்போகும்.

மகள் புத்தகத்தை வாங்கி முகர்ந்து, மூக்கைச் சுளித்தாள்.

"நான் நாலஞ்சு தடவ படிச்சதுதானம்மா இது."

சரியென்று துணிகளுக்கு அடியில் வைக்கப் போனேன். என் கையைப் பிடித்தாள்.

"மேலயே வைம்மா. அங்க போன அன்னைக்கே வேணும்."