அந்தோணி அண்ணேயும் டிவி டான்ஸும்

கேம் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க விளையாடிச் சம்பளம் வாங்குகிறோம் என்று நினைக்கும் சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்புங்கள். எங்கள் கடையில் நின்று ஒரே ஒரு டான்ஸ் கேம் விற்றுக் காட்டட்டும், பார்ப்போம்.

மூச்சு வாங்கிய விற்பனை

லோரி ஓட்டும் அந்தோணி அண்ணே கடைக்குள் வரும்போதே வேர்த்திருந்தார். மகள் ஷீலாவுக்குக் கல்யாணம். காலையில் சர்ச், சாயங்காலம் கிள்ளானில் டின்னர். டின்னரில் அப்பாவும் பெண்ணும் ஒரு பாட்டுக்கு ஆட வேண்டுமாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த ஆசையாம். இவர் ஜென்மத்தில் ஆடியதில்லை. டான்ஸ் கிளாஸுக்குப் போக வெட்கம். மகளுக்குத் தெரியாமல் வீட்டிலேயே பழக வேண்டுமாம்.

டிவியில் ஒரு பொம்மை ஆடும், ரிமோட்டை வலது கையில் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து நாமும் ஆட வேண்டும், கேம் மார்க் போடும். இதை வாயால் சொன்னால் யார் வாங்குவார்? நானேதான் ஆடிக் காட்ட வேண்டும். வாசலில் நாலு ஆன்டிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மானம் போனாலும் சேல்ஸ் போகக்கூடாதே! முடித்துவிட்டு நான் மூச்சு வாங்க, அண்ணே பயந்துபோய்க் கேட்டார்: "ஏம்மா, ஒனக்கே இப்படி மூச்சு வாங்குதே, நான் கல்யாணம் வரைக்கும் உயிரோட இருப்பேனா?"

நாற்காலி நடனம்

பயந்தாலும் கேமை வாங்கிப் போனவர், அடுத்த வாரம் மார்க்கைப் படம் பிடித்த போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஷீலா கேட்ட பாட்டு கேமிலும் இருந்தது, அதற்கு ஐந்து நட்சத்திரம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இங்கேயே ஆடிக் காட்டுங்கண்ணே" என்றேன்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கை மட்டும் பறந்தது. மார்க் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அடப்பாவமே! அந்த கேமின் ஓட்டை அதுதான். ரிமோட் பிடித்த கையைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. "காலு எங்கண்ணே?" என்று தலையில் கை வைத்தேன். அவர் சொன்ன பதில்: "மெஷினே கேக்கல, நீ ஏன் லா கேக்குற?"

கீழ்வீட்டு ஆன்டி

நான் திட்டியதும் வீட்டில் எழுந்து நின்று ஆடத் தொடங்கினார். அடுத்த வம்பு வந்தது. அவர் வீடு பூச்சோங்கில் மூன்றாவது மாடி. அண்ணே உடம்புக்கு ஒரு குதி குதித்தால் கீழ்வீட்டுக் கூரையில் தொங்கும் காற்றாடி ஆடுமாம். கீழே இருக்கும் சீன ஆன்டி சண்டைக்கு ஏறி வந்தார். வந்தவர் டிவியைப் பார்த்தார், மேசையில் சும்மா கிடந்த இன்னொரு ரிமோட்டைப் பார்த்தார். அப்புறம் என்ன, சாப்பாட்டு நேரம் வரை ஆடிவிட்டுத்தான் இறங்கினார்.

குறையே சொன்னால் எப்படி? யார் எப்படி ஆடினாலும் அந்த கேம் சிரிக்காது, திட்ட வந்தவரையும் இழுத்துக்கொள்ளும். ஆன்டி போகும்போது சொன்னதை அண்ணே அப்படியே சொல்லிக் காட்டினார்: "ஓகே லா அங்கிள், எவ்ரி டே கேன். பட் மை டிவி டிராமா ஃபினிஷ் ஃபர்ஸ்ட்!"

கிள்ளான் மண்டபத்தில்

டின்னருக்கு என்னையும் அழைத்திருந்தார். பாட்டு ஆரம்பித்தது. கோட்டும் டையுமாக அண்ணே நடுவில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

வீட்டில் அடுத்து என்ன அசைவு என்று டிவியே காட்டிவிடும். பார்த்துப் பார்த்து ஆடியதில் மனசில் ஒன்றுமே நிற்கவில்லை. இத்தனை காலம் விற்ற எனக்கும் அது அன்றைக்குத்தான் உறைத்தது. அண்ணே கண் மண்டபம் முழுக்க டிவியைத் தேடியது. சம்பந்தி வீட்டு மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். விற்றவள் நானாயிற்றே.

ஷீலா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக அவர் எதிரில் வந்து நின்று ஆடினாள். அச்சு அசலாக அந்தப் பொம்மை ஆடிய ஆட்டம்! அப்பா ரகசியமாகப் பழகியதைக் கதவிடுக்கில் பார்த்தே அவளும் பழகியிருந்தாளாம். அண்ணே கை மெல்ல எழுந்தது, கால் நகர்ந்தது. ஒரு அசைவு தப்பியது, உடனே மறுபடியும் கண் டிவியைத் தேடப் போனது. மைக் இல்லாமலே மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி ஷீலா சொன்னாள்: "அங்க இங்க தேடாதீங்கப்பா, என்னப் பாருங்க. இன்னிக்கி மார்க் போடுறது நான்தான்!"

டான்ஸ் கேம் நல்லதா கெட்டதா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது, எதிரில் நின்று ஆட ஓர் ஆளை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.