ஆவியைத் திட்டியவர்

பதினோரு வருடங்களாக அவர் திருவிருந்து எடுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார், பாடுவார், காணிக்கை போடுவார். அப்பமும் திராட்சரசமும் பரிமாறும் நேரம் வந்தால் மட்டும், இருமல் வந்தவர்போல் வெளியே நழுவிவிடுவார்.

வேலை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்ப்பது. கூட வேலை செய்பவர்களுக்கு அவர் ‘பாய்லர்’. சபைக்குப் புதிதாக வந்த போதகர் அவரைவிட வயதில் இளையவர். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் தூக்கம் வராத ஆள். ஒரு மாலை வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, உங்களுக்கு என்மேல கோபமா, அப்பத்துமேல கோபமா?”

“எனக்கு மன்னிப்பே கிடையாதுங்கய்யா. ஆவியைத் திட்டிட்டேன்.”

போதகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, பரிசுத்த ஆவியை நிந்திப்பதற்கு மட்டும் இல்லை என்பது வேதத்தில் உள்ளது. அதைச் செய்துவிட்டேன் என்று சொல்லும் ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

“என்னன்னு திட்டுனீங்க?”

“‘நாசமாப் போன ஆவி’ன்னு. குழாயிலேர்ந்து குபுகுபுன்னு வந்துச்சு, திட்டு வாயில வந்துடுச்சு. அந்த ஞாயித்துக்கிழமையே பழைய போதகர் ஐயா இந்த வசனத்தைப் பேசினாரு. என்னையே பார்த்துப் பேசினாரு.”

“கண்ணாடி இல்லாட்டி அவருக்குத் தூணே தெரியாது” என்றார் பாய்லரின் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

போதகர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். “அது நீராவிண்ணே! தண்ணி கொதிச்சா வர்றது!”

“ரெண்டும் ஆவிதானே? நானா பேரு வெச்சேன்?”

“கடவுள் செய்றதுன்னு நல்லாத் தெரிஞ்சும், இது பிசாசு வேலைன்னு சொல்லி மனசை இறுக மூடிக்கிறவனைப் பத்தின பேச்சு அது. மன்னிப்பே வேண்டாம்னு நிக்கிறவன். அவனுக்கு இந்தப் பயமே வராது.”

பாய்லர் முகத்தில் நிம்மதி வரவில்லை. போதகருக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது.

“அன்னிக்கு ஆவி உங்களைச் சுட்டுச்சா?”

“என்னை இல்ல. மச்சானை.”

துணி மடித்த கை நின்றது. மச்சான் என்பவர் மனைவியின் தம்பி. அப்போது அதே கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு வழக்கம்: வால்வைத் திறக்குமுன் “வருது!” என்று கத்த வேண்டும். குழாய்ப் பக்கம் நிற்பவர் விலகிக்கொள்வார்.

“கத்துனீங்களா?”

“இல்ல. சாப்பிடப் போயிட்டான்னு நினைச்சேன்.”

“என் தம்பிக்கு இன்னும் விரல் முழுசா மடங்கல” என்றார் மனைவி. “கேட்டா, ஆவி சுட்டுச்சும்பாரு. ஆவி என்ன, தானா வால்வைத் திறந்துக்கிட்டு வந்துச்சா?”

“அவர்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களாண்ணே?”

பாய்லர் தரையைப் பார்த்தார். “பெரிய மன்னிப்பே இல்லேன்னு ஆனப்புறம், சின்னதைக் கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு…”

“சௌகரியமாப் போச்சாக்கும்!” என்றார் மனைவி.

பாய்லர் மறுக்கவில்லை. “அவன் மன்னிக்கமாட்டேன்னு சொல்லிட்டா?” என்று போதகரைக் கேட்டார்.

“சொல்லலாம். அது அவர் பாடு. கேக்கறதுதான் உங்க பாடு.”

மறுநாள் மனைவி தம்பிக்குப் போன் போட்டு, வருகிறோம் என்றார். ‘வாங்க’ என்றுகூடச் சொல்லாமல் தம்பி போனை வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் இருவரும் போகிறார்கள்.