கொட்டகை மாற்றிய கொலைகாரன்

விலா நோகச் சிரிக்க வேண்டுமா? நல்ல கொலைப் படமாகப் பாருங்கள். ஞாயிறு பிற்பகல் நான் பார்த்தேன். திங்கட்கிழமை கந்தோரில் வேலைக்கு உட்கார்ந்து கோப்பைத் திறந்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை. பெரிய கிளாக்கர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்த மாதம் நம்மூர்க் கொட்டகைக்கு மூன்று மர்மப் படங்கள் வந்தன. ஒன்றையும் விடவில்லை.

முதலாவது பம்பாய்ப் படம். முகமூடிக்காரன் ஒருவன் ஓடும் ரயிலின் கூரைமேல் நின்று ஒரு கூட்டத்தையே அடிக்கிறான். தலைப்பாகை சற்றும் நெகிழவில்லை! வாவிக்கரைக் காற்றில் சால்வையைக்கூடக் காப்பாற்ற முடியாதவன் நான்... பொறாமையாக இருந்தது.

அடுத்தது தமிழ்ப் படம். ஜமீன்தாரைக் குத்திவிட்டார்கள். அவரோ நெஞ்சில் கத்தியோடு ஒரு முழுப் பாட்டைப் பாடிவிட்டு, குத்தியவன் பெயரைச் சொல்லாமலே கண்ணை மூடினார். அந்த மூச்சில் பெயரைச் சொல்லியிருந்தால் துப்பறிவாளருக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்!

ஞாயிறன்று பார்த்தது இங்கிலீஷ் படம்.

இங்கிலீஷ் படமென்றால் திரைக்குப் பக்கத்தில் செல்லத்துரை நின்று, பிரம்பால் படத்தைச் சுட்டிக்காட்டித் தமிழில் கதை சொல்வார். முந்தின வாரம் அவர் சொன்னது விளங்காமல் சனம் கூச்சலிட்டது. கொட்டகை முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இன்னொருக்காச் சனம் கத்தினா, நீ இஞ்ச வர வேணாம்." செல்லத்துரை வீட்டில் சின்னப் பிள்ளைகள். வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

படத்தில் ஒரு பெரிய மாளிகை. கிழவர் சுடப்பட்டுக் கிடக்கிறார். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்கு மகள்மேல் காதல்.

"மகன்தான் சுட்டவன்! வீட்டுக்கு ஆசைப்பட்டுச் சுட்டான்!" என்றார் செல்லத்துரை. சரியாகத்தான் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியும்.

காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் சுலைமான் காக்கா எழுந்துவிட்டார். "என்ன கதை விடுறீங்க செல்லத்துரை? ஆம்பிளப் புள்ளைக்கு வீடா? எந்த ஊர்ல?"

நியாயம்தானே? எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. மகன் கல்யாணம் கட்டி, பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். தனக்கு வராத வீட்டுக்காக எவன் தகப்பனைச் சுடுவான்?

பெண்கள் பக்கமிருந்து அமிர்தகழிக் கண்ணம்மா குரல் கொடுத்தார். "மகளைக் கட்டப்போற ஆளைப் பாருங்ககா! வீடு அவனுக்குத்தானே!"

கொட்டகை மொத்தமும் இன்ஸ்பெக்டர்மேல் பாய்ந்தது. "ஓம், ஓம்! அவன்தான்!" "முழியப் பாரு, கள்ள முழி!"

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். வாசலில் முதலாளி கைகட்டி நின்றார். செல்லத்துரையின் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

மறுபடி இருட்டு. பிரம்பு மெல்ல நகர்ந்தது... இன்ஸ்பெக்டரின் மார்பில் போய் நின்றது.

"உங்களைச் சோதிச்சுப் பாத்தன்! இவன்தான் கொலைகாரன்!"

என்ன கைதட்டல்! அதன்பின் செல்லத்துரைக்கு அருள் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர், மகளின் கண்ணீரைத் துடைத்தார் — "பாசாங்கு!" குனிந்து காலடித் தடத்தை அளந்தார் — "தன்ட தடத்தையே அழிக்கிறான்!" நான் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

கடைசி ரீல். மகனுக்கு விலங்கு. இன்ஸ்பெக்டருக்கும் மகளுக்கும் கல்யாணம். இனி செல்லத்துரை எப்படித் தப்புவார்?

"பாத்தீங்களா அநியாயத்த! மாமனையும் கொன்னு, மச்சானையும் விலங்கோட மறியலுக்கு அனுப்பி, வீட்டையும் எடுத்துப்போட்டான்!"

கண்ணம்மா அழுதேவிட்டார். "ஐயோ, அந்தப் புள்ளைக்கு ஆரும் சொல்லுங்களன்!"

விளக்கு எரிந்தது. சுலைமான் காக்கா நேரே என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க இங்கிலீஷ் படிச்ச ஆள். இவர் சொன்னது சரிதானா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. முதலாளியின் தலையும். செல்லத்துரை பிரம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கடிதத்தில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் திரும்ப எழுதுகிறவன் நான்.

"சரிதான் காக்கா," என்றேன். "ஒரு சொல் பிசகில்லை."

உண்மையைச் சொல்வதானால், அந்தப் படத்தை எடுத்த வெள்ளைக்காரருக்குத்தான் கொலைகாரன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.