ஏர்போர்ட்டுக்கு இடம் பார்த்த விமானம்

போன வாரம் காலையில் எங்கள் நகருக்கு மேலே இராணுவ விமானம் ஒன்று தாழப் பறந்தது. ஒருமுறை அல்ல, மூன்று முறை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மனை போட்டு விற்ற இடத்தில் எழுந்த குடியிருப்பு எங்களுடையது. மொட்டை மாடிகளில் எல்லாம் ஆட்கள். பயிற்சி என்றார் ஒருவர். கல்வராயன் மலையில் யாரையோ தேடுகிறார்கள் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுக்காரர் தலை துவட்டிய துண்டோடு என்னைக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியாததா, இன்னா சார் அது?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். இந்தப் பதிலைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

அப்போது நான் சர்க்கரை ஆலையில் பீல்டுமேன். வயலுக்கு வெட்டு ஆர்டர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அது வராமல் யாரும் ஆலைக்குக் கரும்பு வெட்ட முடியாது. அதனால் நான் வாயைத் திறந்தாலே ஆர்டர் மாதிரிதான். மழை வருமா, பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம், எல்லாம் என்னிடம் கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். வயசுத் திமிர், வேறென்ன.

வெட்டு முடிந்த வயலில் கரும்பின் காய்ந்த இலை, அந்தச் சோகை, எரிகிற வாசனை வந்தால் இன்றைக்கும் ஏழுமலை அண்ணன் வயல்தான் ஞாபகம் வரும். இரண்டு ஏக்கர், அவருடைய அப்பா கையால் வெட்டிய ஒரு கிணறு. நான் போனால் அந்தத் தண்ணீரில் கைகால் கழுவச் சொல்லி, அடிக்கரும்பாகப் பார்த்து ஒடித்துத் தருவார்.

ஒருநாள் வெட்டு நடக்கும்போது இரண்டு விமானங்கள் தாழ வந்தன. மறுநாளும் வந்தன. "இன்னா தம்பி, நம்ம தலமேலயே சுத்திக்கினு இருக்குது?" என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஏர்போர்ட்டுக்கு எடம் பாக்கறாங்கண்ணே. எடுத்தாங்கன்னா கம்மியாத்தான் குடுப்பாங்க" என்று அடித்துவிட்டு மொபெட்டைக் கிளப்பினேன். அடுத்த ஊர் போவதற்குள் சொன்னதே மறந்துவிட்டது.

அவர் மறக்கவில்லை. அந்த வெட்டு முடிந்ததும், வெட்டிய கட்டையில் துளிர்க்கும் மறுதாம்புகூட விடாமல், மனை போடுகிற ஒருவருக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். ஏர்போர்ட் வரவில்லை. அளவுக்கல்கூட யாரும் நடவில்லை. விமானம் எதற்கு வந்தது என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனைகளில் ஒன்றில்தான் நான் வீடு கட்டியிருக்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு ஏழுமலை அண்ணன் வந்தார். காப்பி குடித்தார். வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கெணறு எந்தப் பக்கம் இருந்துச்சு தம்பி? எனக்கே அடையாளம் தெரியல" என்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

இப்போது இந்தப் பக்கம் ஒரு தட்டை கரும்பு கிடையாது. சோகை வாசனை காற்றில் எப்போதாவது, வேறு யார் வயலிலிருந்தோ வரும். ஏழுமலை அண்ணன் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன். பஸ் ஸ்டாண்டில் அவர் மகனைப் பார்த்தபோது விசாரித்தேன். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில்தான் வேலையாம். நாளெல்லாம் தலைக்கு மேலே விமானம் போகுமாம், அப்பா நிமிர்ந்தே பார்ப்பதில்லை என்றான்.